கூட்டல் குறி போட்ட வடம்

புதிதாக வேலையில் சேர்ந்தவர்களிடம் பேசச் சொன்னால், ஓய்வுபெற்றவர்கள் தாங்கள் கட்டிய பாலங்களைப் பற்றிப் பேசுவார்கள். நானும் சில கட்டியிருக்கிறேன். அவை நிற்கின்றன. நிற்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் உங்களிடம் சொல்ல நினைப்பது ஐம்பதுகளின் நடுவில் போடிமெட்டுச் சாலையில் நடந்த ஒரு காரியம். அதில் ஒருவரும் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. போட்ட கணக்கெல்லாம் சரி. அப்படியிருந்தும் ஒருவர் செத்தார், இன்னொருவர் உயிரோடு இருந்தும் இல்லாமல் போனார்.

அந்த வருடம் மலையில் பெய்த மழையில், வளைவுச் சாலையின் நடுவே ஓடையின் மேல் இருந்த பழைய கல்பாலம் அடியோடு போய்விட்டது. மேலே எஸ்டேட்டுகளில் இருந்தவர்களுக்குக் கீழிருந்து அரிசி போகவில்லை. ஏலக்காய் மூட்டைகள் மேலேயே கிடந்தன. பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு, ஓடையைக் கீழே சுற்றிக் கடந்து போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். உயிரோடு வந்து சேர்ந்தது தூக்கியவர்கள் மட்டும்தான். அதற்குப் பிறகு மேலதிகாரிகளிடமிருந்து எங்களுக்கு வந்த ஒரே உத்தரவு, சீக்கிரம் என்பதுதான்.

எங்கள் பெரிய எஞ்சினியரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவர். படம் போடாமல் எவன் கணக்குப் போட்டாலும் தாளைக் கிழித்துவிடுவார். வேலையாட்களைத் திட்டாதவர். மழையில் எல்லோரும் நனையும்போது தானும் குடையை மடக்கிவிட்டு நிற்பவர். அவர் சொன்னால் கிணற்றில் குதிக்கக்கூட நாங்கள் தயாராக இருந்தோம். அவருக்குக் கீழே இரண்டு இளம் பொறியாளர்கள். ஒருவன் நான். மற்றவன் ஞானமுத்து. இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நான் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்க்கும் குடும்பம். அவன் போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். கணக்கில் எங்கள் வகுப்பிலேயே அவன்தான் கெட்டிக்காரன். கடையைப் பார்க்கச் சொன்ன அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவன்.

செய்யவேண்டிய வேலை இதுதான். பாலத்தைத் தாங்கப்போகும் நீளமான ஓர் இரும்புக் கர்டரைப் போடிக் கரையில் உருளைகள்மேல் வைத்து, ஓடைக்கு மேலே மெள்ள மெள்ளத் தள்ளி, மெட்டுக் கரையில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். நடுவில் தாங்குவதற்கு ஒன்றுமே கிடையாது. அடியில் வெள்ளம், பாறை. கர்டரின் மூக்கு வெளியே நீள நீள, அது கீழே கவிழப் பார்க்கும். கவிழாமல் இருக்க வால்பக்கம் கருங்கல் ஏற்றிய பெட்டி. ஏற்றம் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கரையோரத்து முன் உருளைதான் அச்சு. அந்த அச்சைச் சுற்றிக் கவிழ்க்கும் திருப்புத்திறன் ஒரு பக்கம், கவிழாமல் பிடிக்கும் திருப்புத்திறன் மறுபக்கம். பிடிப்பது எப்போதும் அதிகமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இதில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. மூக்கில் கட்டி மெட்டுக் கரையிலிருந்து இழுக்கும் கம்பி வடம். அந்தக் கரையில் உயரமான தூண் நட்டு, அதன் உச்சியில் கப்பி மாட்டி இழுப்பதாகத்தான் முதல் திட்டம். மேலிருந்து இழுத்தால் வடம் மூக்கைத் தூக்கும், நமக்கு உதவும். ஆனால் தூண் நடத் தோண்டிய இடத்தில் பாறை பிளந்திருந்தது. அந்தக் கரைக்குப் பொறுப்பாளன் ஞானமுத்து. அவன் கீழே ஓடையோரம் உறுதியான பாறையில் இரும்பு வளையம் அடித்து, வடத்தை அதில் மாட்டினான். இப்போது வடம் மூக்கைக் கீழ்நோக்கி இழுக்கும். இடத்தை மாற்றியது சரியான முடிவு. பிளந்த பாறையை நம்பியிருந்தால் தூணே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும்.

இடம் மாறியது என்ற செய்தி மட்டும் பெரியவருக்குப் போனது. அவர் புதிய இடத்துக்கான வடத்தின் திருப்புத்திறனைக் கேட்டு ஆள் அனுப்பினார். வெள்ள இரைச்சலில் ஒரு கரையில் கத்துவது மறு கரைக்குக் கேட்காது. கீழே போய்ச் சுற்றித்தான் வரவேண்டும். ஞானமுத்து படம் வரைந்து, கணக்குப் போட்டு, விடையை அனுப்பினான். விடைக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். எங்கள் கல்லூரியிலும் சரி, பெரியவர் படித்த இடத்திலும் சரி, ஒரே விதிதான்: இடஞ்சுழியாகத் திருப்பினால் கூட்டல், வலஞ்சுழியாகத் திருப்பினால் கழித்தல். பெரியவர் தன் படத்தை ஓடையின் மேற்பக்கம், தண்ணீர் வரும் பக்கம், நின்று பார்ப்பதுபோல வரைந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் கர்டரின் மூக்கு வலக்கைப் பக்கம். மூக்கு கவிழ்ந்தால் வலஞ்சுழி. அதனால் அவருக்குக் கழித்தல் என்றால் ஆபத்து, கூட்டல் என்றால் பாதுகாப்பு. ஞானமுத்து நின்ற பாறை பாலத்துக்குக் கீழ்ப்பக்கம், தண்ணீர் போகும் பக்கம். அங்கிருந்து பார்த்தால் மூக்கு இடக்கைப் பக்கம். அதே மூக்கு அதே மாதிரி கவிழ்ந்தால் அது இடஞ்சுழி. அதனால் அவன் கூட்டல் போட்டான். விதியை இருவருமே மீறவில்லை.

வடம் உதவும் என்றே முதலிலிருந்து எண்ணியிருந்த பெரியவர், கூட்டல் குறியைப் பார்த்ததும் திருப்தியாகத் தலையாட்டினார். தன் தொகையோடு அதைக் கூட்டிக்கொண்டார். அவர் நின்ற இடத்திலிருந்து கீழ்ப்பாறை வளையம் தெரியாது, கரையின் முனை மறைத்தது. பெட்டியில் இருக்கும் கல் போதும், இதற்குமேல் ஏற்றினால் உருளை தாங்காது என்றார். எனக்கு அந்தத் தாள் காட்டப்படவில்லை. என் வேலை வால்பக்கத்துப் பெட்டி.

தள்ளத் தொடங்கியது நல்ல வெயிலான ஒரு காலை. மூக்கின் நுனியில் வடம் சிக்காமல் பார்த்துக்கொள்ள மொக்கையன் உட்கார்ந்திருந்தார். வடம் கட்டிப் பளு நகர்த்தும் கலாசி வேலையில் அவருக்கு நிகரான ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை. நடு வயது. இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொள்ளச் சொன்னால், "கயித்துல தொங்கவா வந்தேன், சோலி பாக்க வந்தேன்" என்று சிரிப்பவர். அன்று பெரியவரே வற்புறுத்தியும் கட்டிக்கொள்ளவில்லை.

கர்டர் பாதி தூரம் தாண்டும்வரை ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வால்பக்கம் லேசாக முனகியது. நான் குனிந்து பார்த்தேன். பின் உருளைக்கும் கர்டருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. "சார், வால் எந்திரிக்குது!" என்று கத்தினேன்.

பெரியவர் பதறவில்லை. அவர் கணக்கில் ஒரு மருந்து இருந்தது. வடத்தை இறுக்கினால் அது மூக்கைத் தூக்கிக்கொடுக்கும். பச்சைக் கொடியை உயர்த்தி வேகமாக ஆட்டினார். இழு என்று அர்த்தம்.

மறு கரையில் ஞானமுத்து கொடியைப் பார்த்தான். ஒரு கணம் தயங்கியது எங்கள் பக்கத்திலிருந்தே தெரிந்தது. பிறகு வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சுக்காரர்களுக்குக் கை காட்டினான். வடம் விறைத்தது. மூக்கு விருட்டென்று கீழே போனது. மொக்கையன் எழுந்து நிற்க முயன்றார். பிடிக்க ஒன்றும் இல்லை. அவர் கத்தினாரா என்பது தெரியாது. வெள்ளம் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

வால் இப்போது ஓர் ஆள் மார்பு உயரத்துக்கு எழும்பிவிட்டது. என் பெட்டிக்காரர்கள் யாரும் சொல்லாமலே அதன்மேல் பாய்ந்தார்கள். ஏறியவன் கையைப் பிடித்து அடுத்தவன் ஏறினான். எடைக்கு எடையாகத் தங்களையே வைத்தார்கள். நானும் தொற்றினேன். "வெரசா ஏறுங்கடா, வெரசா!" என்று யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். கர்டர் கவிழ்ந்தால் அத்தனை பேரும் கவண்கல் மாதிரி ஓடைக்குள் போவோம். அது எல்லோருக்கும் தெரியும்.

பெரியவர் மறுபடி பச்சைக் கொடியை ஆட்டினார். இன்னும் இழு. முகம் வெளுத்திருந்தது. ஆனால் கணக்கை அவர் நம்பினார். நம்பாமல் வேறு எதை நம்புவார்?

அந்த இடத்தில் ஞானமுத்து செய்ததை நான் பிற்காலத்தில் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கொடி இழு என்கிறது. கொடியை ஆட்டுபவர் நாங்கள் தெய்வம் மாதிரி நினைத்தவர். அவன் கொடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். வின்ச்சின் பிடியைத் தானே பிடித்து, வடத்தைத் தளர்த்திவிட்டான். மூக்கு மெள்ள எழுந்தது. வால் எங்களைச் சுமந்துகொண்டு உருளைமேல் வந்து உட்கார்ந்தது. கடப்பாரை போட்டுக் கர்டரைப் பின்னால் இழுத்துக் கரைசேர்த்தோம்.

மொக்கையனை மறுநாள் கீழே எடுத்தார்கள்.

விபத்து நடந்த அன்று பிற்பகலே ஞானமுத்து ஓடையைச் சுற்றிக்கொண்டு எங்கள் கரைக்கு வந்தான். சட்டை கிழிந்திருந்தது, கையெல்லாம் கிரீஸ். நேராகப் பெரியவர் முன்னால் போய் நின்றான்.

"சார், கூட்டல்னு எழுதிக் குடுத்தேன்ல?"

"ஆமா. கூட்டல்னா தூக்கும்ல?"

"நான் அந்தாண்ட, கீழ நின்னு பாத்தேன் சார். எனக்குக் கூட்டல்னா கவுக்கும்."

பெரியவர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். ஓடையின் மேற்பக்கம் பார்த்தார், கீழ்ப்பக்கம் பார்த்தார். பிறகு அங்கேயே கல்மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஞானமுத்துவுக்கும் புரிந்துவிட்டது.  நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இருவரும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், குடிக்கவில்லை.

விசாரணை போடியில் பயணியர் விடுதியில் நடந்தது. விசாரிக்க வந்தவர் தங்கமான மனிதர். அதையும் சொல்லவேண்டும், கெட்டவர்களால் நடந்த கதை இல்லை இது. பெரியவர் சுருக்கமாகச் சொன்னார்: "எனக்கு வந்த தாளில் கூட்டல் குறி இருந்தது. அதை நம்பினேன். வடத்தைத் தளர்த்தச் சொல்லி நான் சைகை காட்டவில்லை." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எங்கே நின்று வரைந்தாய் என்று தான் கேட்கவில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஓய்வுபெற அவருக்கு அதிக காலம் இல்லை. கல்யாணம் செய்துகொடுக்க ஒரு மகள் இருந்தாள். பொய் சொல்லியிருந்தால் நான் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

என்னைக் கூப்பிட்டார்கள்.

"ரெண்டு தாளும் நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"பிறகு பாத்தேங்க ஐயா."

"எது தப்பு?"

"ரெண்டும் சரிங்க ஐயா."

"ரெண்டும் சரின்னா ஆள் எப்படிச் செத்தான்?"

மேசையில் இருந்த பென்சிலை எடுத்து அவருக்கும் எனக்கும் நடுவில் பிடித்தேன். ஒரு முனையைச் சாய்த்தேன். "உங்களுக்கு இது எந்தப் பக்கம் சுத்துது?" என்றேன். வலது என்றார். "எனக்கு இடதுங்க ஐயா. பென்சில் ஒண்ணுதான்." அவர் பென்சிலை வாங்கி, தானே சாய்த்துப் பார்த்தார். மறுபடி பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அவருக்கு நன்றாகவே புரிந்தது.

"புரியுது தம்பி," என்றார். "ஆனா அறிக்கையில பென்சிலையா எழுத முடியும்? ஒரு பேர் எழுதணும்."

அப்போது கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்த மொக்கையனின் மனைவி பேச்சியம்மா எழுந்தார். அதுவரை அழாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர். "மேலாக்க நின்னா ஒரு மாதிரி, கீழாக்க நின்னா ஒரு மாதிரின்னு சொல்றீகளே அப்பு," என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "எந்தாண்ட நின்னு பாத்தாலும் அந்த மனுசன் கீழதானய்யா விழுந்தாரு?"

நான் பென்சிலை மேசையில் வைத்துவிட்டேன்.

அறிக்கையில் ஞானமுத்துவின் பெயரை எழுதினார்கள். குறியைத் தெளிவுபடுத்தாதது ஒன்று, சைகையை மீறி வடத்தைத் தளர்த்தியது இன்னொன்று. எங்களை எல்லாம் உயிரோடு வைத்த காரியம் குற்றப் பட்டியலில் ஏறியது. பெட்டிமேல் தொற்றியவர்கள் திரண்டுபோய், அவர்தான் எங்களைக் காப்பாற்றினார் என்று சொன்னார்கள். கேட்டுக்கொண்டார்கள், எழுதிக்கொள்ளவில்லை. மேல்முறையீடு செய்யலாம் வா என்று நான் அவனை இழுத்தேன். வரவில்லை. வேலையை விட்டுவிட்டான். வேறு ஆட்கள் வந்து, மறு கரையில் நல்ல பாறை தேடி உயரமான தூண் நட்டு, அதே கர்டரை அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட தொழில் பாடம் சின்னது. அதற்குப் பிறகு நான் போட்ட ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு கண் வரைந்தேன். எங்கே நின்று பார்க்கிறேன் என்பது அந்தக் கண். குறிக்குப் பக்கத்தில், படிக்காதவருக்கும் புரிகிற வார்த்தையில் எழுதினேன்: மூக்கைக் கீழே தள்ளும், மூக்கை மேலே தூக்கும். கூட்டல், கழித்தல் என்பவை பொருளுக்குள் இருப்பவை அல்ல. நாம் நிற்கும் இடத்திலிருந்து பொருளின்மேல் ஒட்டுபவை. அடுத்தவன் ஒட்டியதை வாங்கிக் கூட்டுவதற்கு முன்னால், நீ எங்கே நின்றாய் என்று கேளுங்கள். எதிர்பார்த்த குறியே வந்து சேர்ந்தால் இன்னொரு முறை கேளுங்கள். உங்களுக்கு உபயோகப்படக்கூடியது இவ்வளவுதான். மீதியில் உபயோகம் எதுவும் இல்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடம் கழித்துப் போடிக்குப் போனபோது அவன் கடைக்குப் போனேன். சாக்கின்மேல் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். பருத்தது ஒரு குவியல், வெடித்தது ஒரு குவியல். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா மாப்ளே" என்று காப்பி சொன்னான். நான் கண் வரைவதைப் பற்றிச் சொன்னேன். மற்ற பிரிவுகளிலும் சிலர் அப்படி வரையத் தொடங்கியிருக்கிறார்கள் என்றேன். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்திருந்தேன்.

"குறி தப்பாப் போனதுல எனக்கு வருத்தமில்ல மாப்ளே," என்றான். "அது யாருக்கும் போகும். மொதக் கொடி காட்டுனாருல்ல? அப்ப வடம் கீழ இழுக்கும்னு எனக்குத் தெரியும். கணக்கும் சொல்லுச்சு, கண்ணும் சொல்லுச்சு. பெரியவரு கல்லு நெறைய ஏத்தியிருப்பாரு, அவருக்குத் தெரியாததா, இழுப்போம்னு இழுத்தேன். ரெண்டாவது கொடிக்கு இழுக்கல. அந்த ரெண்டு கொடிக்கும் நடுவுலதான மொக்கையண்ணே போனாரு."

"ரெண்டாவது கொடிக்கும் நீ இழுத்திருந்தா நான் இன்னிக்கு இல்லடா," என்றேன்.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. பஜார்ல பாத்தா வேட்டிய எறக்கிவிட்டுக் கும்பிடுறாங்க." சிதறிக் கிடந்த ஒரு காயை எடுத்துக் குவியலில் போட்டான். "மொதத் தடவையே நான் இழுக்காம நின்னுருந்தா, எவனும் கும்பிட்டிருக்க மாட்டான். ஒண்ணுமே நடந்திருக்காது. சொன்ன பேச்சக் கேக்காதவன்னு பெரியவரு வைஞ்சிருப்பாரு, அம்புட்டுத்தான்."

வெளியே மலைக்குப் போகும் ஜீப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, மேல எஸ்டேட்டுக்கு வர்றீகளா? எடம் இருக்கு," என்று டிரைவர் எட்டிப் பார்த்துக் கேட்டார். ஞானமுத்து வரவில்லை என்று கையசைத்தான். அந்தப் பாலம் திறந்ததிலிருந்து அவன் மேலே போனதே இல்லை என்று அவன் தம்பி பிறகு வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னான். நான் பேச்சை மாற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஞானமுத்து மறுபடி ஏலக்காயில் குனிந்துவிட்டான். நான் சொல்லிக்கொண்டு கிளம்பியது அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

எனக்கு மேலே வேலை இருந்தது. பஸ்சில் ஏறினேன். கூட்டம் நிறைய. எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பாலம் வந்தது. ஒருவரும் வெளியே பார்க்கவில்லை. வண்டி கர்டர்மேல் ஏறி ஓடும் சத்தம் கேட்டதும் நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"இங்க ஸ்டாப்பு இல்லண்ணே, ஒக்காருங்க," என்றார் கண்டக்டர்.

உட்கார்ந்துகொண்டேன்.